குணா அண்ணன் புதன்கிழமை சொன்ன மிஸ்ஸிங்

மெக்கானிக் குணா அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலையில், கும்பகோணத்தில், அவர் ஷெட்டுக்குள்ளேயே... ஹார்ட் அட்டாக்.

முந்தின நாள் என்னோடு போனில் பேசியவர். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

நான் நர்ஸ். திருப்பனந்தாளிலிருந்து கும்பகோணத்துக்கு டியூட்டிக்கு வர ஒரு பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். ஐந்து வருடமாக அதைப் பார்த்தது அவர்தான்.

முதல் தடவை போனபோது எனக்கு கார் பாஷை தெரியாது. "அண்ணே, வண்டி ஜன்னி வந்த மாதிரி உதறுது. சிக்னல்ல நின்னா மயக்கம் போட்டுடுது" என்றேன்.

மனுஷன் சிரிக்கவில்லை. "காலையில வெறும் வயித்துலயா சிஸ்டர், இல்ல சாப்பிட்டப்புறமா?" என்று கேட்டார். இன்ஜின் ஆறியிருக்கும்போதா, சூடான பிறகா என்று அர்த்தமாம்.

அன்றிலிருந்து எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு. நான் காருக்கு ஆஸ்பத்திரி பாஷை பேசுவேன், அவர் மனிதர்களுக்கு ஷெட் பாஷை பேசுவார்.

மனைவி மலர் அக்காவைக் காய்ச்சலோடு கூட்டி வந்தவர், ஓபி வரிசையில் நின்றுகொண்டு "ரேடியேட்டர் கொதிக்குது சிஸ்டர், கொஞ்சம் பாருங்க" என்று சத்தமாகச் சொன்னார். அக்கா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

போன சம்பா அறுப்பு சமயம். ரோட்டில் பாதி நெல் காய்கிறது, அதன் ஓரத்தில் என் கார் ஆஃப் ஆகி நிற்கிறது. பைக்கில் வந்தார்.

"நெல்லு மேல டயரை ஏத்திடாதீங்க" என்று ஒரு அம்மா கத்தினார். "ஏத்தணும்னா முதல்ல வண்டி ஓடணுமேம்மா" என்றார் இவர்.

இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக ஒயரைக் கழற்றினார். "கழட்டுனதும் சத்தம் மாறுச்சுன்னா அது உழைக்கிற சிலிண்டர். மாறலைன்னா அதுதான் சும்மா உக்காந்திருக்கு." நாலில் ஒன்று வேலை செய்யாமல் இன்ஜின் தடுமாறுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர்தான் மிஸ்ஸிங்.

இந்த வாரம் மறுபடி அதே தொல்லை. நின்றால் உதறல், பிறகு ஆஃப். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் விட்டேன். பிளக் மாற்றினார், இக்னிஷன் காயில் மாற்றினார். செவ்வாய்க்கிழமை கேட்டதற்கு "இன்னும் பிடிபடலைங்க" என்றார்.

புதன் காலை பதினொரு மணி இருக்கும். வார்டில் கையில் இன்ஜெக்ஷன் டிரேயோடு நிற்கிறேன், போன்.

"சிஸ்டர், காலையிலேருந்து மிஸ்ஸிங் இருக்கு. சும்மா இருக்கையில படபடங்குது. பாலம் ஏறுனா மூச்சு முட்டுது. நடுவுல ஒரு தடவை ஆஃப் ஆயிடும்போல ஆயிடுச்சு. என்னவா இருக்கும்?"

"என்னைக் கேட்டா எப்படிண்ணே? நீங்கதானே டாக்டரு! நிதானமா பாருங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

 "அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

எந்த மெக்கானிக்காவது கஸ்டமருக்கு போன் போட்டு, என்னவா இருக்கும் என்று கேட்பாரா? நேற்று சாயங்காலம்தான் எனக்கு அது உறைத்தது.

ஆனால் எந்த வண்டியையும் அவர் ட்ரையல் பார்ப்பது காவிரிப் பாலத்தில் ஏற்றித்தான். அதுவும் உண்மை... காரைத்தான் சொல்லியிருப்பார். இல்லையா?

நேற்று அவர்கள் வீட்டில் மலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா சிஸ்டர்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே..."

"வண்டியைப் பத்தித்தான் பேசினாருக்கா" என்றேன். அது பொய்யா என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா, நீங்கள் இதைப் படித்தால் என்னைக் கூப்பிடுங்கள். திட்டுவதென்றாலும் திட்டுங்கள்.

இருபது வருடமாக நெஞ்சு படபடப்பு என்று வருகிறவர்களைப் பார்க்கிறேன். "யாருக்குண்ணே?" என்று ஒரு வார்த்தை... கேட்கவில்லை. என் மேல் எனக்கே கோபம் கோபமாக வருகிறது.

இன்று காலை அக்காவின் தம்பி சாவியைக் கொடுத்தார். அண்ணன் காரில் கடைசியாக என்ன பார்த்தார், எப்போது முடித்தார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பாலத்தில் ஏற்றினேன். மூச்சு முட்டவில்லை. அக்கரையில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினுக்குச் சுமை ஏற ஏசியைப் போட்டு, நியூட்ரலில் ஓடவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு தடவை ஆஃப் ஆகிவிடு என்று வேண்டிக்கொண்டேன். ஆகவில்லை. ஒரு உதறல்கூட இல்லை.

எப்போ சரி பண்ணீங்கண்ணே? எனக்கு போன் பண்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?