மாலைக்குள் அகப்பட்ட நான்

எங்கள் கட்டடத்தில் இருக்கிற, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பிள்ளை ஒருத்தி படம் கீறுவாள். அவளுடைய தூரிகைக்கு ஒருவரும் தப்பவில்லை. உடுப்புத் தோய்க்கிற அறையில் மெஷின் நிற்கும்வரை வம்பளக்கிற பெண்கள், கடைகள் இருக்கிற பிளாசா வாசலில் கோப்பியோடு உலகப் பிரச்சினையைத் தீர்க்கிற கிழவர்கள், பழுதான லிஃப்டுக்கு முன்னால் அரிசி மூட்டையோடு நிற்கிற ஒருவர். எல்லாவற்றையும் மோர்னிங்சைட் பக்கத்து நூலக மண்டபத்தில் மாட்டியிருந்தாள். நான் கலை ஆர்வத்தில் போகவில்லை. எனக்குக் கலை என்றால் கலண்டர்தான். ஒரு படத்தில் என் மனுசி இருக்கிறா என்று சொன்னாள், அதனால் போனேன்.

மனுசி போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. முதல் வருச ஆட்டத்திவசத்துக்கு வைக்க நல்ல படம் ஒன்று இல்லை. கமராவைக் கண்டால் கையால் முகத்தை மூடுகிற ஆள். செத்தவீட்டில் வைத்தது பாஸ்போர்ட் படத்தைப் பெருப்பித்தது. குடிவரவு அதிகாரியைப் பார்க்கிற மாதிரி, வந்தவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தா.

அன்றிலிருந்து நான் பல்லுக்கு ஊசி போட்ட வாய் மாதிரி. கடித்தாலும் தெரியாது. சிரிக்கவைக்கிற பகிடி மட்டும் தன்பாட்டில் வந்துகொண்டிருக்கும்.

படத்தில் ஒரே பனி. பிளாசாவிலிருந்து பஸ் தரிப்புக்குப் போகிற பாதை. மனுசி முன்னால், கையை வீசிக்கொண்டு, யாரையோ பார்த்துச் சிரித்தபடி. பின்னால் ஒரு பொதிக்கழுதை, இரண்டு கையிலும் பைகள், முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டு. கழுதை நான்தான். தொப்பையை ஈவிரக்கமில்லாமல் அப்படியே கீறியிருந்தாள். அழுகை வரும் என்று, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை.

என்னோடு வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"செத்த ஆளின்ர படத்தை வெறுமையா விடுறதே, தம்பி?"

பிளாசாவுக்கு ஓடிப்போய்ப் பெரிய பூமாலை ஒன்றோடு வந்து, சட்டத்தின் இரண்டு மூலையிலும் கொழுவிவிட்டா. அந்த நேரம் உள்ளே வந்த, எனக்கு முகப்பழக்கமான ஒருவர் படத்துக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். அவர் திரும்பினால் பக்கத்தில் நான். அவர் கையிலிருந்த கோப்பி தளும்பியது.

"அண்ணை... நீங்கள்...?"

"மேல இண்டைக்கு லீவு தந்திருக்கினம்," என்றேன்.

அப்போதுதான் அக்கா திரும்பிப் பார்த்தா. மாலை படத்தில் எங்கள் இரண்டு பேரையும் சுற்றித்தான் விழுந்திருந்தது.

"ஐயோ, உயிரோட இருக்கிற ஆளுக்கெல்லோ போட்டிட்டன்!" மாலையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, மண்டபத்தில் நின்ற, படம் கீறின பிள்ளையிடம் போனா. "திவசத்துக்கு வைக்கிற படம் பிள்ளை. உவரை அழிச்சுப்போட்டுக் குடு. அவ தனிய நிக்கட்டும்."

பிள்ளை என்னைப் பார்த்தாள். "அழிக்கலாம் அங்கிள். பனிதானே, மேல வெள்ளை பூசினாச் சரி. ஆனா நீங்கள்தான் சொல்லோணும்."

பூசு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பெரிய விசயமாகவும் படவில்லை. ஒரு வருசமாக அப்படித்தானே இருக்கிறேன்.

"பையள் என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"அதுகளையும் அழிக்கத்தான் வேணும்."

"அப்ப அவ வெறுங்கையோட வீட்ட போறதோ? வாங்கின முருங்கைக்காய் எங்க எண்டு ஆரிட்டக் கேக்கிறது?"

அக்கா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டா.

"அவ ஒரு நாளும் தூக்கமாட்டா, பிள்ளை," என்றேன். "நான் நிக்கிறன்."

திவசத்தன்று அக்கா சின்னதாய் ஒரு மாலை கட்டுவித்து, மனுசியின் பக்கத்து மூலையில் மட்டும் தொங்கவிட்டா. ஐயர் மந்திரத்தை நிறுத்தி, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓம் ஐயா, பின்னால நிக்கிறது நான்தான்," என்றேன். "பை பாரம். கெதியாச் சொல்லி முடியுங்கோ."