காவடி வலி

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு முறை கரு தங்கி இரண்டு முறையும் கலைந்துபோனது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எனக்குப் பிள்ளை வேண்டும், அதற்காக முதலில் என் வீட்டுக்காரர் காவடி எடுப்பார் என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். வேண்டுதல் என்னுடையது, தோள் அவருடையது. அவருடைய அம்மா பர்மியர். பர்மிய மொழியிலேயே வளர்ந்து புத்தரைக் கும்பிடுகிற மனிதர், மறுக்கவேயில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடிக் கிருத்திகை. பர்மாவில், பபேடான் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து கோயில்வரை கொட்டும் மழையில் காவடியோடு வெறுங்காலில் நடந்தார். மறுநாள் காலை படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அடித்துப்போட்டதுபோல முதுகும் தொடையும் வலிக்கிறது என்றார்.

எங்களோடு இருந்த என் அம்மா பதறிவிட்டார். "காவடி எடுத்த ஒடம்பு வலிக்கத்தான் செய்யும் மாப்ளே. வலின்னு வாயால சொல்லாதீங்க, சாமி குத்தமாயிரும்."

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் வலி என்று வாயே திறக்கவில்லை. நான் எண்ணெய் காய்ச்சி, என் பலம் முழுவதையும் போட்டு முதுகை நீவினேன். தெருமுனைக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். உடம்பு லேசாகச் சுட்டது. எண்ணெய்ச் சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன புத்தி அது! நான்காம் நாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வழிந்தது. அப்போதுதான் பயந்துபோய் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பர்மிய டாக்டரம்மாவிடம் காவடி எடுத்தது, நீவியது, மாத்திரை கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை இவர் கையில் இறுக்கிக் கட்டிக் காத்திருந்தார். கழற்றியதும் கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். டெங்கு. வேறெங்கே வலி என்று கேட்டார். கண்ணுக்குப் பின்னால் என்றார் இவர். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காவடி தூக்குனா தோள் வலிக்கும். கண்ணுக்குப் பின்னால ஏன் வலிக்கணும்?"

இனி நீவக் கூடாது, அந்த மாத்திரையும் கூடாது, ரெண்டுமே ரத்தக் கசிவை அதிகமாக்கும் என்றார்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள். பிழைப்பாரா என்று தெரியாத இரண்டு நாளும் அதில் அடக்கம். கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் கேட்டேன், கண்ணுக்குப் பின்னால் வலித்ததை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று.

"அம்மா சொன்னாங்கல்ல. வலின்னு சொன்னா வேண்டுதல் போயிடும். ஒனக்குப் பிள்ளை வேணும்."

பிள்ளை வரவில்லை. முருகனோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் உடம்பை வைத்து நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை.