ஓரத்தில் நின்றவள்

"இன்னும் கொஞ்சம் நடுவுக்கு வாம்மா. ஓரத்துல நின்னா ஒரு கண்ணுக்குத்தான் தெரிவே," என்று வீப்காவின் தோளைப் பிடித்து நகர்த்தினார் ஓக்கோ. லேயர் ஊர்ப் படகுத்துறையில் புகைப்படக் கழகத்தின் மற்றவர்கள் வரிசையாக நின்று காத்திருந்தார்கள்.

"இவர்கிட்ட ஒரு படம் எடுத்துக்கறதுக்குள்ள கடல் ஓதம் ஏறி இறங்கிடும்யா!" என்றது பின்வரிசைக் குரல்.

ஓக்கோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கேமராவின் மூக்கில் ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே நாலு கண்ணாடி. ஒரே காட்சியை இடக்கண் பார்ப்பதுபோல் ஒன்று, வலக்கண் பார்ப்பதுபோல் ஒன்று என்று, படத்தில் ஆளுக்குப் பாதியாக அது பங்கு பிரிக்கும். இரட்டைத் துளைப் பெட்டியில் வைத்துப் பார்த்தால் ஆள் எழுந்து எதிரே நிற்பார். பங்கு பிரித்தால் வேலித் தகராறு வராமல் இருக்குமா? நடுவே ஒரு கறுப்புப் பட்டை விழும். லென்ஸின் துளையை அகலத் திறந்தால் அது பரவி இரண்டு பக்கமும் தின்னும். அதனால்தான் இத்தனை கெடுபிடி. கறுப்புப் பெட்டி கோணாமல் மாட்ட லென்ஸ் வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வேறு. மனைவி கேஷாவின் நகப்பூச்சு அது.

"துளையைச் சுருக்கு. வெளிச்சம் பத்தலையா, நாளைக்கு வந்து எடு," என்பார் எல்லாரிடமும்.

ஊருக்குத்தான் உபதேசம். கேஷா எப்போதும் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியில் வெயில் படாமல் கறுப்பு அட்டை பிடிப்பவள். படத்துக்குள் அவள் வந்தது ஒரே ஒரு தடவை, தீவுக்குப் போன அன்று. மேகம் மூடியிருந்தது. "படகு கெளம்பப் போவுது, சீக்கிரம்!" என்று அவள் அவசரப்படுத்த, ஓக்கோ துளையை அகலத் திறந்துவிட்டார். அவளோ, "வெளக்குக் கோபுரத்த எடுங்க, என் மூஞ்சிய எதுக்கு?" என்று வலது ஓரத்துக்கு ஒதுங்கினாள். இடப் பாதியில் பட்டை அவளைத் தின்றுவிட்டது; வலப் பாதியில் மட்டும் நிற்கிறாள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் இருந்தும் இல்லாமலும் மினுங்குகிறாள். அந்தக் குளிர்காலத்திலேயே கேஷா போய்ச் சேர்ந்தாள். ஒரு தடவை, ஒரே தடவை, அவளை இரண்டு கண்ணாலும் முழுசாகப் பார்க்கவேண்டும் என்பதுதான் இன்றுவரை ஓக்கோவின் ஏக்கம்.

துறையில் படம் எடுத்து முடித்து அவர் வீட்டுக்குத் தேநீருக்கு வந்த வீப்கா, கைப்பையிலிருந்து ஒரு புதுப் படத்தை எடுத்தாள். "உங்க தீவுப் படத்துல, வலப்பக்கத்து கேஷாவ கம்ப்யூட்டர்ல எடுத்து இடப்பக்கமும் ஒட்டிட்டேன். பாருங்க."

ஓக்கோ இரட்டைத் துளைப் பெட்டியில் செருகி நெடுநேரம் பார்த்தார்.

"அவ மினுங்கறத நிறுத்திட்டே. ஆனா, அட்டைய வெட்டி நிறுத்துன மாதிரி தட்டையா நிக்கிறாம்மா. அவளுக்கு மூக்கு நீளம். அது முன்னால வரணும்ல?"

வீப்கா தேநீர்க் கெண்டியை எடுத்தாள். இன்னொரு கோப்பை ஊற்றப் போனாள். அவர் ஊர் வழக்கப்படி கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துப் போதும் என்று காட்டினார்.

பிறகு பழைய படத்தையே திரும்பச் செருகி, பெட்டியைக் கண்ணில் வைத்தார். கேஷா பிடித்த அந்தக் கறுப்பு அட்டையை எடுத்து, இடது துளையை மூடிக்கொண்டார்.