மண்வெட்டி இல்லாமல் வந்தவர்

கம்பத்தில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். ஊர் வயல்களுக்கெல்லாம் மடை திறந்துவிடும் நீர்பாய்ச்சி ஒருவர் ஒரு காலையில் அங்கே வந்தார். ஆறடி உடம்பு, வெற்றிலைச் சிவப்பேறிய சிரிப்பு. கல்யாண வீட்டுக்கும் மண்வெட்டியோடு போகிறவர், அன்று வெறுந்தோளோடு நின்றார்.

“உடம்புக்கு என்னய்யா?” என்றேன்.

“ரொம்பச் சந்தோசமா இருக்கேன். அதேன் வந்தேன்.”

கேலி என்று நினைத்தேன். ஆனால் சிரித்த கண்ணில் நீர் நின்றது.

“போன நடவுலயும் இப்படித்தேன். உறக்கமே வேண்டியதில்ல, பத்தாள் பலம் வந்துருச்சு. மடையெல்லாம் ஒண்ணா தொறந்து விட்டேன், தண்ணி தேங்கி ஊரு நாத்து பூரா அழுகிப்போச்சு. பொறவு சுவரைப் பாத்துப் படுத்தவன் அறுப்பு வரைக்கும் எந்திரிக்கல. பேய் புடிச்சிருக்குன்னாக. பேயில்ல, சீக்குன்னு எனக்குத் தோணுது. இப்ப மறுபடி அந்தச் சந்தோசம் வந்துருச்சு. நான் அழுது கேட்டாலும் தராதேன்னு மம்பட்டிய வீட்டுக்காரிகிட்டக் குடுத்துட்டு வந்தேன்.”

டாக்டர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுதும் கேட்டார். உறங்க மருந்து கொடுத்து, தினமும் வந்து காட்டச் சொன்னார். அவரும் தவறாமல் வந்தார்.

வலிக்கிறது என்று வந்தவர்களுக்கு ஆயுசு முழுக்க மருந்து கலந்திருக்கிறேன். தன் சந்தோஷத்தைச் சந்தேகப்பட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். பத்தாள் பலத்தோடு இருந்தவருக்கு, மண்வெட்டியை இறக்கி வைக்கிற பலம் எங்கிருந்து வந்ததோ!