மூன்று பிள்ளைகளுக்கு அம்மா தேடிய பாடத்திட்டம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேராவது ஒரு காலத்தில் அம்மாவிடம், "பிள்ளையள பள்ளிக்கொடத்துக்கு அனுப்பாம வீட்டுல வச்சு என்ன செய்யுத?" என்று கேட்டிருப்பீர்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கேள்வியை எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டவள் நான்தான். மூத்த மகள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது சேரன்மகாதேவிக்கு அருகே ஒரு சிற்றூரில். குத்தகை வயலை நம்பிய குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஆய்வகப் பயிற்சியும் பெற்று, அப்பாவைக் கைப்பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். அப்பா பேருந்து நடத்துநர். அம்மா ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஆறரை முதல் பதினொன்று வரை வேலை பார்த்தார்கள். ஊசி போட்டதே தெரியாது என்று பெயர் வாங்கிய கை. வாய் அப்படி இல்லை, குத்தினால் தெரியும்.

தம்பி மூன்றாம் வகுப்பில் இருந்தபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. எழுத்துகளைக் கூட்டிப் படிக்க அவனுக்கு வரவே இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காலையில் எழுந்ததும் வயிற்று வலி என்பான், பள்ளி வாகனம் போன பிறகு வலி போய்விடும். அம்மா அவனை நிறுத்தினார்கள். அதோடு விட்டிருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. அவன் ஒருவனை மட்டும் வீட்டில் வைத்தால் தோற்றவன் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து, ஏழாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த என்னையும், முதல் வகுப்பில் இருந்த தங்கையையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை.

முதலில் அம்மா மூன்று பேருக்கும் ஒரே வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை வரவழைத்தார்கள். அரைநாள் வேலைக்கும் போய்விட்டு மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பார்க்க முடியாது, ஒரே உலையில் எல்லாருக்கும் வடித்துவிடலாம் என்பது கணக்கு. பெட்டியைத் திறந்தால் பனிமனிதனுக்கு மூக்கு ஒட்டும் பயிற்சி. அக்கினி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் ஒட்டினோம். எனக்கு அது குழந்தை விளையாட்டு, தம்பிக்கு மலை, தங்கைக்கு ஒட்டுவதற்குப் பசை மட்டும் போதும். நாலு மாதத்தில் அந்தப் பெட்டி பரணுக்குப் போனது.

அதன்பிறகு அம்மா பொறுமையாகத் தேடினார்கள். மாநிலப் பாடநூல், மத்தியப் பாடநூல், பழைய புத்தகக் கடையில் கிடைத்த பயிற்சி நூல்கள் எல்லாவற்றிலிருந்தும் எங்களுக்கு ஒரு வாரம் பாடம் நடத்திப் பார்ப்பார்கள். யார் எந்தப் பாடத்தில் எத்தனை தடவை தண்ணீர் குடிக்க எழுந்தோம் என்று குறித்துக்கொள்வார்கள். அதுதான் அவர்களுடைய பரிசோதனை. பிறகு எதை எப்போது படிப்பது என்று ஆய்வகத்து ஒட்டுத்தாளை எடுத்து, கணக்குப் புத்தகத்தில் 'வெறும் வயிறு' என்றும் வரலாற்றில் 'சாப்பிட்ட பின்' என்றும் ஒட்டுவார்கள். எனக்கு மாநிலப் பாடநூல், தங்கைக்குக் கதை அட்டைகள் என்று முடிவானது. தம்பிக்கு ஒரு வருடம் புத்தகமே கிடையாது. காதால் கேட்டான், வீட்டுச் சாமான்களைக் கழற்றி மாட்டிக் கையால் செய்தான். அத்தை ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன மைனி, இவன் ஸ்குரூ டிரைவரத்தான் படிக்கானா?" என்றார். "ஆமா, அதுல பெயில் ஆக்க ஆள் இல்ல பாருங்க" என்றார்கள் அம்மா. பத்து வயதில் தம்பி ஒரு சிமெண்டு மூட்டையின் மேல் இருந்த எழுத்தைத் தானாகவே படித்தான். அம்மா அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார்கள்.

நான் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வேண்டிய வருடம் வந்தது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பெயர் பதிய வேண்டும். தேர்வு விண்ணப்பத்தோடு அதுவும் சேர்ந்தது என்று அம்மா நினைத்துவிட்டார்கள். கல்வி அலுவலகத்துக்குப் போனபோது நாள் கடந்திருந்தது. மூன்று பேருடைய பாடத்தையும் நுணுகி நுணுகிப் பார்த்தவர்கள் அந்த ஒரு அறிவிப்பைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். "ஏட்டி, தப்பு எம்மேலதான். தேதிய விட்டுட்டேன். உனக்கு ஒரு வருசம் போச்சு."

"அவனுக்காகத்தான என்னையும் நிறுத்துன? இப்ப என் வருசத்தையும் எடுத்து அவனுக்கே குடுத்துட்ட" என்று கத்தினேன். தம்பி கதவருகே நின்றுகொண்டிருந்தான். அம்மா என்னை அடக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு கல்யாண வீடு. "ஏன் பரீட்ச எழுதலன்னு கேட்டா மஞ்சக்காமாலைன்னு சொல்லிருவோம்" என்றார் அப்பா. "எதுக்கு? பிள்ளைக்கு இல்லாத சீக்க நாம ஏன் குடுக்கணும்?" என்றார்கள் அம்மா. பந்தியில் கேட்ட ஒவ்வொருவரிடமும், தான்தான் தேதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டதாகவே சொன்னார்கள். சொல்லிக் காட்டியவர்கள் உண்டு. அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுவருடம் தேர்வு எழுதி, பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளியில் சேர்ந்தேன். வாசல் வரை வந்த அம்மா, "மூணு பேருக்கும் எது சரின்னு தேடுனேன். உனக்கு இந்தப் பள்ளிக்கொடமே சரின்னு எனக்குத் தோணாமப் போச்சே" என்றார்கள். நான் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். இன்று நான் பள்ளி ஆசிரியை. தங்கை செவிலியர் படிப்பில் இருக்கிறாள், தம்பி காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறான்.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் அம்மாவைப் படுத்திவிட்டது. அத்தனை பேருக்கு வலிக்காமல் ஊசி போட்டவர்கள், வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு ஊசிக்குக் கை நீட்டினார்கள். பிரிவதற்குச் சில நாள் முன்னால், மருத்துவமனையில், "அந்த வருசத்துக்கு எம்மேல இன்னும் கோவம் இருக்கா, ஏட்டி?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முகத்தைப் பார்த்து அந்தப் பொய் வரவில்லை.

"கொஞ்சம் இருக்கும்மா" என்றேன்.

"சரி. மழுப்பாம சொன்னியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்கு மேல் அம்மாவை ஒரு நாளும் நிறுத்தி வைக்காத ஆய்வக உரிமையாளருக்கும், சிகிச்சை நாள்களில் வாசலில் வண்டியோடு காத்திருந்த மேலப்பாளையம் ஆட்டோ பாய்க்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாள்களில் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், கேள்வி கேட்டே எங்களை விழிப்பாக வைத்திருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

போன வருடம் அம்மாவின் பதினாறாம் நாள் காரிய அழைப்பு அச்சுக்குப் போகும் முன் தம்பிதான் பிழை பார்த்தான். வரிக்குக் கீழே விரலை வைத்து, அம்மாவின் பெயரில் தொடங்கி முழுவதையும் உரக்கப் படித்தான். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. என் ஒரு வருடம் எங்கே போயிற்று என்று அப்போது பார்த்தேன். எனக்கு மிச்சமிருந்த கோபம் அதோடு போய்விட்டது. அதைச் சொன்னால் கேட்கத்தான் அம்மா இல்லை.