தேங்காய்ப் பன்னும் நீலக் குவளையும்

எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியத்தையும் மாமாவை நம்பி ஒப்படைக்கக் கூடாது என்று எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. மீன் வாங்கிவரப் போனவர் பூனைக்குட்டியோடு திரும்பியிருக்கிறார். ஒருமுறை உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே எங்களைப் பட்டும் நகையுமாக அழைத்துப்போய், பூட்டிக் கிடந்த மண்டபத்தின் முன்னால் நிறுத்தினார். மனிதர் தங்கமானவர்தான். ஞாபகம்தான் சல்லடை.

ஆனால் ரொட்டி விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆள். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய பெட்டியைக் கட்டி, அதைச் சுற்றி ரொட்டிப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, எங்கள் பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடிகளுக்குக் கீழே ஏழு மணிக்கும் டத்தோ கிராமாட் சந்துகளில் எட்டரைக்கும் வந்து நிற்பார். கொட்டுகிற மழையிலும் நேரம் தப்பாது. அம்மாவின் தம்பிக்கு இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அது ரொட்டியைத் தாண்டி வேறெதற்கும் பரவவும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மூன்றாம் ஆண்டு, மதியப் பள்ளி. அத்தா, அதாவது அப்பா, தூரத்து ஜொகூரில் லாரி ஓட்டினார். அம்மா ஒரு மருத்துவமனையில் தாதி. விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார். ஆகவே வேறு வழியே இல்லாமல், காலை நேரத்தில் என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் சட்டத்தை மீறி மாமாவிடம் வந்தது. தலைக்கு மேல் கழன்று ஆடும் ஹெல்மெட்டோடு நான் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். ரப்பர் பந்து வைத்த ஹாரனை அமுக்குவது என் வேலை. அதற்குக் கூலி ஒரு தேங்காய்ப் பன். பேக்கரியில் அவருக்குத் தினமும் பத்துத் தேங்காய்ப் பன்தான் கொடுப்பார்கள். ஒன்பது வாடிக்கைக்காரர்களுக்கு. பத்தாவது எனக்கு. கடைசி வீடு முடிந்ததும் பிரித்துத் தின்பேன். என் அன்றைய வாழ்க்கையின் நோக்கமே அந்தப் பத்தாவது பன்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தப் பன்னுக்கு ஆபத்து அம்மா வழியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் டத்தோ கிராமாட்டில் ஒரு கடையின் மாடியில், அம்மாவும் சில டாக்டர்களும் சேர்ந்து இலவச மருத்துவ அறை ஒன்றை நடத்தினார்கள். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் ரொஹிங்யா மக்கள். அவர்கள் ஊரில் சண்டை மூண்டு, வீடுகள் எரிந்து, படகேறித் தப்பி வந்தவர்கள். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம், ஆறாத புண்ணுக்கு மருந்துக்கட்டு என்று அம்மா பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார். ஒரு ஞாயிறு அவர் முகம் வாடிப்போய் வந்தார். ரஃபீக்கின் அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாராம்.

ரஃபீக் நான்கு வயதுப் பையன். சுங்கை பினாங்கில் கார்ப் பட்டறை ஒன்றின் பின்னால், ஐந்து குடும்பங்கள் சேர்ந்திருந்த வீட்டில் இருந்தான். அவன் அம்மாவுக்குக் காசநோய். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் முற்றிலும் குணமாகிவிடும். பாதியில் விட்டால் கிருமி முரண்டு பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. மாத்திரை தின்றதும் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து, இரத்தம்தான் என்று பயந்து அவர் நிறுத்தியிருக்கிறார். அது மருந்தின் நிறம்தான் என்று அம்மா விளக்கிவிட்டார். ஆனால் தினமும் ஒருவர் கண் முன்னால் விழுங்க வேண்டுமே! தினமும் சாலையில் நடந்து மருத்துவமனைக்கு வர அவருக்குப் பயம். எங்கே போலீஸார் பிடித்து அடையாள அட்டை கேட்பார்களோ, மகனை யார் பார்ப்பார்களோ என்று. தினமும் அந்த வாசலுக்குப் போக அம்மாவுக்கு நேரமில்லை.

தினமும், தவறாமல், ஒரே நேரத்தில் அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர் ஒரே ஒருவர்தான் என்பது அம்மாவுக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. உறைத்த பிறகும் அவர் மனம் ஒப்ப இன்னும் ஒரு நாள் ஆனது.

அதற்கு ஒத்திகை எங்கள் சமையலறையில் நடந்தது. அம்மா மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வேர்க்கடலையைக் கொடுத்து விழுங்கச் சொன்னார். "இப்ப வாயத் தொற. நாக்கத் தூக்கு. நீ சும்மா பாத்துட்டு வந்துரக் கூடாது, முழுங்குனாங்களான்னு பாக்கணும்."

மாமா சமர்த்தாக வாயைத் திறந்தார். அம்மா விரலை விட்டு, கன்னத்துக்குள் ஒதுக்கியிருந்த கடலையை வெளியே எடுத்தார்.

"மெல்லாம முழுங்குனா தொண்டைல நிக்கும்கா," என்றார் மாமா.

இப்படித்தான் தொடங்கியது. மாத்திரைப் பையும் ஓர் அட்டையும் ரொட்டிப் பெட்டிக்குள் போயின. ஏற்பாடு எளிது. ஹாரன் சத்தம் கேட்டதும் ரஃபீக்கின் அம்மா ஒரு குவளை தண்ணீரோடு வாசலுக்கு வர வேண்டும். மாமா மாத்திரையைக் கொடுப்பார். விழுங்கியதும் தனக்குத் தெரிந்த மலாயில், "புக்கா மூலுட்," என்று வாயைத் திறக்கச் சொல்வார். பார்த்துவிட்டு அட்டையில் ஒரு கோடு போடுவார். எல்லாம் சரிதான். ஆனால் முதல் நாளே வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. டாக்டரைக் கேட்டதில், முதலில் கொஞ்சம் ஏதாவது சாப்பிடட்டும் என்றார். மாமா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக நீட்டினார். வெண்ணெய் வாசனை பிடிக்கவில்லை, சர்க்கரை பிடிக்கவில்லை. கடைசியில் அவர் தலையாட்டி வாங்கிக்கொண்டது தேங்காய்ப் பன்னை.

பத்தாவது பன்னை!

நான் அழவில்லை. அழுதால் மாமா வருத்தப்படுவார். வருத்தப்பட்டால் வழி தவறிவிடுவார். அதனால் என் கோபத்தையெல்லாம் ஹாரனில் காட்டினேன். மற்ற வாசல்களில் இரண்டு முறை அமுக்கினால் போதும். அந்த வாசலில் மட்டும், பப், பப், பாஆஆம், பப் என்று மூன்றாவதை முடிந்தவரை இழுத்து ஊதவைப்பேன். என் பன்னைத் தின்கிறாயே, தின்கிறாயே என்று திட்டுவதாக எனக்குள் எண்ணம். ரஃபீக்குக்கு அது பாட்டு. தன் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே "பப், பப், பாஆஆம், பப்" என்று திருப்பிச் சொல்லிக் குதிப்பான். அவன் அம்மா நீலப் பிளாஸ்டிக் குவளையில் தண்ணீரை வைத்துக்கொண்டு, பன்னில் பாதியைத் தின்று, மாத்திரைகளை விழுங்கி, மாமாவிடம் வாயைத் திறந்து காட்டுவார். மீதிப் பாதி ரஃபீக்குக்கு. எனக்கு வாசனை மட்டும். "மாத்திரை முடியிற அன்னைக்கு ஒன் பன்னு ஒனக்குத்தான் மருமவளே," என்று மாமா சத்தியம் செய்து தந்தார்.

அட்டையில் மூன்று மாதத்துக்கு மேல் கோடுகள் சேர்ந்தன. ரஃபீக்கின் அம்மாவின் இருமல் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. அப்போதுதான் ஒரு காலை நாங்கள் போய் நின்றபோது, அந்த வீட்டின் கதவில் பூட்டுத் தொங்கியது.

போலீஸ் சோதனை வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியதாம். ஐந்து குடும்பங்களும் முந்தைய நாள் மாலையே மூட்டை கட்டிவிட்டன. லாரி கடலைத் தாண்டி அக்கரைக்கு, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போனது என்பதற்கு மேல் பட்டறைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. கைப்பேசி அணைந்து கிடந்தது. அம்மா தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார். பயந்து ஓடியவர்களைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? அன்று அம்மா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாள் கூடக்கூட அந்தப் பெண் பிழைப்பது கடினம் என்று அவர் சொன்னபோது, என் பன் இனி எனக்கே என்று காலையில் சந்தோஷப்பட்டதை நினைத்து நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நான் போயித் தேடிப் பாக்குறேன்கா," என்றார் மாமா.

"மீன் வாங்கத் தெரியாது ஒனக்கு. நீ ஆளத் தேடப் போறியா? சும்மா இருலா."

மறுநாள் காலை மாமாவும் நானும் மோட்டார் சைக்கிளோடு படகில் இருந்தோம். பெட்டி நிறைய ரொட்டி. ஆள் கிடைக்காவிட்டாலும் ரொட்டி விற்குமே என்றார்.

முதல் நாள் புக்கிட் மெர்தாஜாம் சந்தையிலும் கடைகளிலும் விசாரித்தார். தெரியாது என்றார்கள். இரண்டாம் நாள் ரொஹிங்யா ஆட்கள் வேலை செய்த இடங்களாகப் பார்த்து விசாரித்தார். அவர் வாயைத் திறந்ததுமே அவர்கள் நகர்ந்து போனார்கள். பெயரைச் சொல்லித் தேடி வருகிற மனிதனைக் கண்டால் அவர்கள் போலீஸோ என்று பயப்படுவார்கள் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம், நான்காம் நாளும் வெறும் அலைச்சல். ஐந்தாம் நாள் மாமா கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பழக்க தோஷத்தில் சந்து சந்தாக ரொட்டி விற்கத் தொடங்கினார்.

பழைய இரும்புக் கடை ஒன்றின் பின்னால் தகர வேலி போட்ட வரிசை வீடுகள் இருந்தன. ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. எனக்குப் பசி. பள்ளிக்கு நேரமாகிவிடும் என்ற பயம் வேறு. பெட்டிக்குள் பத்தாவது பன் முழுதாக இருந்தும் மாமா அதைத் தொடவிடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹாரனை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினேன்.

பப், பப், பாஆஆம், பப்.

தகர வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் பதில் சொன்னது. "பப், பப், பாஆஆம், பப்!"

மாமா பிரேக் பிடித்த வேகத்தில் ஹெல்மெட் என் கண்ணை மூடிவிட்டது. அதைத் தூக்கிப் பார்ப்பதற்குள் ஒரு கதவு திறந்து, ரஃபீக் வெறுங்காலோடு ஓடி வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா ஓடி வந்தார். கையில் அந்த நீலக் குவளை. தண்ணீர் வழியெல்லாம் சிந்தியது. வந்த நாளிலிருந்து தினமும் காலையில் அந்த நேரத்துக்குக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். ரொட்டிக்கார அபாங், அதாவது அண்ணன், வராமல் இருக்கமாட்டார் என்று அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. எங்கள் குடும்பத்தில் எவருக்குமே இல்லாத நம்பிக்கை அது.

தொலைபேசியில் மாமா, "கெடச்சிட்டாங்கக்கா! மருமவதான் கண்டுபுடிச்சா!" என்று கத்தினார். மறுமுனையில் அம்மா அழுதது எனக்கே கேட்டது. விட்டது ஐந்து நாள்தான். முடிவில் ஐந்து நாள் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றார் டாக்டர்.

அதன் பிறகு மாமா தன் வழியையே மாற்றிக்கொண்டார். சுங்கை பினாங்கை அவசரமாக முடித்துக்கொண்டு படகேறுவோம். டத்தோ கிராமாட் வாடிக்கைக்காரர்கள், ரொட்டி வருவதில்லையே என்று அம்மாவிடம் வந்து திட்டினார்கள். அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்கள் முதலில் எங்களைக் கண்டு ஒளிந்தார்கள். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பிறகு ரொட்டி வாங்கினார்கள். ஏதோ ஒரு வீட்டுக்குள் யாரோ இருமிக்கொண்டே இருப்பார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கடைசி மாத்திரை நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்பே சோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. அம்மா அன்று மருத்துவ அறைக்குப் போகாமல், எங்கு போனாலும் தூக்கிச் செல்லும் தன் மருந்துப் பையோடு படகேறி, அக்கரையிலிருந்து பேருந்து பிடித்து வந்து சேர்ந்தார். ரஃபீக்கின் அம்மா அரைப் பன்னைத் தின்று, மாத்திரையை விழுங்கி, கேட்காமலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். மாமா கடைசிக் கோட்டைப் போட்டார். அம்மா அதன் கீழே "முடிந்தது" என்று பெரிதாக எழுதினார்.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ரஃபீக்கின் அம்மா உள்ளே போய், அரிசிமாவில் தான் சுட்ட ரொட்டியும் செக்கச்செவேலென்று இறைச்சிக் குழம்பும் கொண்டுவந்தார். மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து ஊட்டாத குறையாகத் தின்னவைத்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "புக்கா மூலுட்!" என்று அதட்டினார்.

மாமா வாயைத் திறந்தார். காரம் தாங்காமல் கன்னத்துக்குள் ஒரு துண்டை ஒதுக்கி வைத்திருந்தார். அதை முதலில் பார்த்தது அம்மாதான். இரண்டு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் இரும்புக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். மாமாவின் கண்களிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. காரம் என்றார். எனக்கும் அன்று இனம் தெரியாத பெருமை. உலகத்தையே நான் ஒரு ஹாரனால் திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் என் கூலி நினைவுக்கு வந்தது. மாமா சத்தியத்தை மறக்கவில்லை. அன்று பேக்கரியில் கெஞ்சிப் பதினொன்றாவதாக ஒரு பன் வாங்கியிருந்தார். அதை என் கையில் கொடுத்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு, முழுதாக, என்னுடையது. மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, வெற்றிக்கு ஒருமுறை ஹாரனை அமுக்கிவிட்டுப் பையைப் பிரித்தேன்.

வரிசையில் ஒரு கதவு திறந்தது. வயதான ஒருவர் வெளியே வந்தார். அடுத்த கதவிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண். அதற்கடுத்த வீட்டிலிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி, எலும்பும் தோலுமாக, இருமிக்கொண்டே வந்தாள். யார் கையிலும் ரொட்டி வாங்கக் காசு இல்லை. மூவர் கையிலும் ஒரு குவளை தண்ணீர் இருந்தது.

மாமா அந்தக் குவளைகளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, கீழே வைத்த பையை மெதுவாகத் திறந்து, இருமிய அந்தச் சிறுமியை அருகில் அழைத்து, எத்தனை நாளாக இருமல் என்று மலாயில் கேட்டார்.

தண்ணீர் கொண்டுவந்தால் தேங்காய்ப் பன் கிடைக்கும் என்று இவர்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. நான் என் பன்னை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.