கூட்டிப் பெருக்கிய செம்பனைத் தோட்டம்

ரெய்மண்ட், ரவாங்கில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் லீவு போட்டதே இந்த ஒரு படத்துக்காகத்தான். கோலசிலாங்கூரில் புகைப்பட ஆர்வலர் குழு ஒன்று ஆண்டுதோறும் கண்காட்சி வைக்கிறது. இந்த ஆண்டுத் தலைப்பு ‘அன்றாடம்’. இன்று மாலை ஐந்து மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும்.

போன வருடம் அவன் படத்தைத் திருப்பிவிட்டார்கள். நிற்க வைத்து எடுத்தது என்றார்கள். அவன் யாரையும் நிற்க வைக்கவில்லை, அவர்களாகவே நின்றுவிடுகிறார்கள். செகிஞ்சான் படகுத்துறையில் மீனவர்கள் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். புக்கிட் பெலிம்பிங்கில் ரொட்டி சானாய் போடுகிறவர் கேமராவைக் கண்டதும் மாவை வைத்துவிட்டுத் தலைசீவப் போகிறார்.

இந்த முறை ஈஜோக். ஒரு காலத்தில் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்த சின்னத்தாய், அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனை வளர்க்கும் ஒரு சிறு தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். குலை வெட்டும்போது சிதறும் பழங்களைக் குனிந்தபடியே மூட்டையில் சேர்க்கிற வேலை. வளைந்த முதுகு, சேற்றுக் கை, மரத்தடியில் ஆரஞ்சு நிறப் பழங்கள்: படம் அவன் மனதில் தயாராக இருந்தது. சொல்லாமல் போய் நின்றால் மரியாதையில்லை என்று முதல் நாளே, அங்கே வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தங்கராஜுவுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவைத்தான். மூன்று மணிக்கு வருகிறேன், வேலையைப் படம் எடுக்க வேண்டும் என்று.

மூன்று மணிக்குப் போய் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். ஆறு பெண்கள் பட்டுச் சேலையில் வரிசையாக நின்றார்கள். சின்னத்தாய் தலையில் மல்லிகை. தங்கராஜு மேல் தீபாவளிச் சட்டை. மரத்தடிகள் கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி இருந்தன.

“பழமெல்லாம் எங்கண்ணே?”

“காலையிலேயே பொறுக்கி லோரியில ஏத்தி அனுப்பியாச்சு. நீ போட்டோ எடுக்க வர்ற, இடம் குப்பையா கெடந்தா எங்களுக்குத்தான அசிங்கம்!”

“வேலை செய்றதத்தான் எடுக்கணும்னு மெசேஜ் போட்டேனே.”

“வேலை செய்றப்ப எப்படி இருப்போம்னு தெரியுமா ஒனக்கு?” சின்னத்தாய் குறுக்கே வந்தார். “வீட்டுக்காரரு கிழிஞ்ச சட்ட, தலையில துண்டு. அந்தக் கோலத்த மாட்டி வச்சு ஊரே பாக்கணுமா? என் மருமக மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் ரெய்மண்டுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

“ஒரே ஒரு குலைய வெட்டிப் போடுங்கண்ணே.”

“இப்ப மரத்துல இருக்கறதெல்லாம் காயி. வெட்டுனா மொதலாளி என்னைய வெட்டுவாரு லா.”

வேறு வழியில்லாமல் வரிசையை எடுத்தான். பிறகு ஒவ்வொருவரையும் தனியாக. பிறகு இரண்டிரண்டு பேராக.

“தம்பி, வயிறு தெரியாம எடு.”

“அவளுக்கு மட்டும் மூணு படமா? என்னா, ஒனக்குப் பொண்ணு பாத்துத் தர்றாளா?”

மணி நாலரையைத் தாண்டியது. எடுத்ததைத் திரையில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மட்டை சரசரத்தது. ரெய்மண்ட் நிமிர்ந்தான். சின்னத்தாய் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காய்ந்த மட்டைக்கு அடியில் தப்பிக் கிடந்த பழங்களை இரண்டு கையாலும் வாரிக்கொண்டிருந்தார். கேமரா இருப்பதையே மறந்த முகம். மேலே சரியான வெளிச்சம்.

கேமராவைத் தூக்கினான். தூக்கின வேகத்தில் வாயும் திறந்துவிட்டது.

“அக்கா, அப்படியே இருங்க!”

அவ்வளவுதான். சின்னத்தாய் சட்டென்று எழுந்து, சேலையை இறக்கிவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு சிரித்தார்.

“ஐயோ, அக்கா! குனிங்க, திரும்பக் குனிங்க!”

“எதுக்கு? அவ்ளோதான் கெடந்துச்சு.” உள்ளங்கையைத் திறந்து காட்டினார். “இத மறுபடி கீழ போட்டுப் பொறுக்கச் சொல்றியா? பாக்குறவன் சிரிக்க மாட்டான்?”

தங்கராஜு காலரை இழுத்துவிட்டுக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றார். “பொம்பளைங்க கத முடிஞ்சிச்சுல்ல? இப்ப என்னைய எடு.”

ஐந்து மணி ஆனபோது ரெய்மண்ட் எதையும் அனுப்பியிருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தாடையைக் கொஞ்சம் மேலே தூக்கும்படி தங்கராஜுவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.